மூன்று ஊர், ஒரே டேலி: தூரத்து அலுவலகங்களை எப்படி இணைப்பது?

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்ததால் நெட்வொர்க் வேலையும் என் தலையில்தான்.

தலைமை அலுவலகம் அவிநாசி ரோட்டில். சாலைக்கு எதிர்ப்புறம் துணி குடோன், கட்டடத்துக்குக் கட்டடம் 180 மீட்டர் வரும். சாயப்பட்டறை பெருந்துறை சிப்காட்டில். ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலைக்குத் தூத்துக்குடியில் இரண்டு பேர் உட்காரும் சின்ன ஆபீஸ்.

கணக்கு மென்பொருளான டேலி (பலர் ஒரே நேரத்தில் ஓட்டும் கோல்டு வகை) தலைமை அலுவலக சர்வரில் இருக்கிறது. குடோன் ஸ்டாக் எக்செல் ஃபைலாக மெயிலில் வருகிறது. பெருந்துறைக் கணக்கு பென் டிரைவில், துணி ஏற்றி வரும் வண்டியோடு வருகிறது. தூத்துக்குடிக்குப் போனில் இன்வாய்ஸ் எண்ணைப் படித்துச் சொல்கிறோம். சிரிக்காதீர்கள்.

வெண்டர் ஒருவர் வந்து பெருந்துறையில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டு, விபிஎன் பெட்டி (இன்டர்நெட்டுக்குள் நமக்கென்று பூட்டிய தனி வழி போடுவது) வைத்து, சர்வரில் உள்ள டேலி ஃபோல்டரை அங்கே ஒரு டிரைவாகக் காட்டினார். வேலை செய்கிறது, ஆனால் ஒரு வவுச்சர் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. "லைன் போதவில்லை, 500 எடுங்கள்" என்கிறார். இன்னொருவர் எம்பிஎல்எஸ் (கிளைகளை இணைக்க டெலிகாம் கம்பெனி வாடகைக்குத் தரும் தனி நெட்வொர்க்) எடுக்கச் சொல்லி, மாத வாடகை சொன்னார். எம்.டி. கேட்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாவற்றையும் வைஃபையில் இணைக்க முடியாதா?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

அரியர்_மன்னன் (சேலம்)

அண்ணா, உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் அடுத்த வாரம் எனக்கு நெட்வொர்க்ஸ் பேப்பர். நெட்வொர்க் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்து பேன் (PAN), லேன் (LAN), கேம்பஸ், மேன் (MAN), வேன் (WAN) என்று ஐந்து வகை படித்தேன். உங்கள் ஆபீஸ் இதில் எது?

கம்பிவடம் (கோவை)

@அரியர்_மன்னன் தம்பி, அவர் கேள்வியிலேயே உன் பதினாறு மார்க் இருக்கிறது. அவர் சட்டைப்பையில் உள்ள போனும் காதில் உள்ள புளூடூத்தும் பேன். தலைமை அலுவலகத்துக்குள் ஸ்விட்ச்சில் கோத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் லேன். குடோனையும் சேர்த்தால் கேம்பஸ் மாதிரி, நடுவில் பொதுச்சாலை போவதுதான் வம்பு. ஊர் முழுக்கக் கிளை வைத்திருந்தால் மேன். பெருந்துறையும் தூத்துக்குடியும் வேன். பெரிய உதாரணம் வேண்டுமென்றால் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் நடத்தும் டிஎன்ஸ்வானை எழுது. சென்னையிலிருந்து மாவட்டத் தலைநகரங்கள், அங்கிருந்து ஒன்றியங்கள் வரை போகும் அரசு வலைப்பின்னல். போய்ப் படி.

@நூல்கண்டு 500 எடுக்காதீர்கள். 1000 எடுத்தாலும் அந்த ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகவேதான் இருக்கும். முதலில் இரண்டு தகவல் வேண்டும். பெருந்துறையிலிருந்து சர்வருக்கு பிங் (பாக்கெட் என்ற சின்ன டேட்டா துண்டு போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு? பெருந்துறை ரவுட்டரில் வேன் முகவரி, அதாவது இன்டர்நெட் பக்கத்து முகவரி என்று என்ன காட்டுகிறது?

வடபழனி_வயர் (சென்னை)

கார்ப்பரேட் இணைப்புகள் விற்கும் துறையில் இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்பிஎல்எஸ்ஸை அப்படி ஒதுக்கிவிட முடியாது. வீட்டு ஃபைபர் பலர் பங்கிடும் லைன். லீஸ்டு லைனோ எம்பிஎல்எஸ்ஸோ உங்களுக்கென்று ஒதுக்கியது. அறுந்தால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஷிப்மெண்ட் நாளில் பிராட்பேண்ட் அறுந்து, கஸ்டமர் கேர் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரியும் அதன் மதிப்பு.

கம்பிவடம் (கோவை)

சார், கையெழுத்துப் போட்ட தாளையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 99.5 சதவீதம் என்று இருந்தால் மாதத்தில் 3.6 மணி நேரம் அறுந்து கிடந்தாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. அப்புறம், எம்பிஎல்எஸ் என்றாலே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற வாடிக்கையாளர் போக்குவரத்திலிருந்து பிரித்து வைக்கும், அவ்வளவுதான். தானாக எதையும் குறியாக்கம் செய்யாது.

நாற்பது கிளை, ஐபி போன், எல்லாம் ஒரே இடத்தில் ஓடும் ஈஆர்பி (மொத்த நிர்வாக மென்பொருள்) என்றால் நானே எம்பிஎல்எஸ் சொல்வேன். தூத்துக்குடியில் இரண்டு பேருக்கு அது வேண்டாம்.

நூல்கண்டு (திருப்பூர்)

பெருந்துறையிலிருந்து பிங் 28 மில்லிசெகண்ட். ரவுட்டரில் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. தூத்துக்குடியில் வேறு கம்பெனி லைன், அங்கிருந்து 41.

பெருந்துறை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். தூத்துக்குடி எங்கேயோ இருக்கிறது. இரண்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசமா?

பழைய_மோடம் (மதுரை)

நல்ல கேள்வி. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பெருந்துறைக்குப் போய்வர அரை மில்லிசெகண்ட்கூட ஆகக் கூடாது. மீதி எங்கே போனது என்றால், உங்கள் பாக்கெட் பெருந்துறைக்கு நேராகப் போவதில்லை. உங்கள் கம்பெனியும் அவர்கள் கம்பெனியும் கைகுலுக்கும் இடம் பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும். அவ்வளவு தூரம் போய்த் திரும்பித்தான் பெருந்துறைக்கு வரும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், ஊர்ப் பெயர்கள் கண்ணில் படும். இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனி லைன் எடுத்தால் பெரும்பாலும் குறையும்.

நான் வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். விசாட் (டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியே இணைப்பது) காலத்து ஆள். செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வெறும் பயணத்துக்கே கிட்டத்தட்ட அரை வினாடி. மழை பிடித்தால் அதுவும் போச்சு. அப்படியும் வேலை நடந்தது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை தொடங்கியபோது ஊர் ஊராக இருந்த தரகர்களை விசாட் வைத்துத்தான் இணைத்தார்கள். எப்படி முடிந்தது என்றால், லைனில் ஃபைலை இழுக்கவில்லை. ஆர்டர் என்ற சின்னச் செய்தி போகும், உறுதி என்ற சின்னச் செய்தி வரும். உங்கள் வெண்டர் செய்திருப்பது நேர் எதிர்.

கம்பிவடம் (கோவை)

பழைய_மோடம் ஐயா சொன்னதுதான் விஷயமே. விரித்துச் சொல்கிறேன்.

டேலி பெருந்துறைக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. டேட்டா திருப்பூர் சர்வரில். ஒரு வவுச்சர் திறக்க அந்த ஃபைலில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் கேட்கும். பல கேள்விகள் முந்தையதற்குப் பதில் வந்த பிறகுதான் கிளம்பும். பேச்சுக்கு 2000 கேள்வி என்று வையுங்கள். அலுவலகத்துக்குள் ஒரு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட், மொத்தம் ஒரு வினாடி. யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதே 2000, 28 மில்லிசெகண்டில்? 56 வினாடி. உங்கள் ஒரு நிமிடம் வந்துவிட்டது பாருங்கள். இந்தக் கணக்கில் 200 எம்பிபிஎஸ் எங்காவது வந்ததா?

மளிகைச் சாமானுக்குப் பட்டியல் எழுதாமல், கடுகுக்கு ஒருமுறை சீரகத்துக்கு ஒருமுறை கடைக்குப் போவது மாதிரி. ரோட்டை அகலப்படுத்தினால் நடை குறையுமா?

டேலி மேல் தப்பில்லை. ஒரே லேனுக்குள் பகிர வைத்த ஃபோல்டரை ஊர் தாண்டி இழுத்ததுதான் தப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அதனால் இன்றைக்கே அந்த டிரைவை எடுத்துவிடுங்கள், பென் டிரைவே மேல்.

மீனலோசனி (ஈரோடு)

நாங்கள் ஜவுளி மொத்த வியாபாரம். இதே நிலைமையில் இருந்தோம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மாறினோம். டேலியும் டேட்டாவும் ஈரோட்டு சர்வரிலேயே இருக்கும், கிளைக்குத் திரையின் படம் மட்டும் போகும், அங்கிருந்து கீபோர்டு அழுத்தல் வரும். சாதாரண லைனிலேயே பக்கத்து அறையில் உட்கார்ந்து அடிப்பது போல இருக்கிறது.

இரண்டு செலவை முன்கூட்டியே எம்.டி.யிடம் சொல்லிவிடுங்கள். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். பலர் வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், அதற்குமேல் ஆளுக்கு ஒரு ரிமோட் லைசென்ஸும் வாங்க வேண்டும். அடுத்தது பிரிண்ட். கிளையில் உள்ள டாட் மேட்ரிக்ஸில் டெலிவரி சலான் எடுக்க, சர்வரிலும் அந்தப் பிரிண்டர் டிரைவரைப் போட வேண்டி வந்தது. பேப்பர் அளவு சரியாக வராமல் சலான் பாதியில் வெட்டி வெட்டி வந்தது. சர்வரில் எங்கள் அளவுக்கு ஒரு ஃபார்ம் உருவாக்கிய பிறகுதான் அடங்கியது. லைசென்ஸைவிட அந்தச் சலான்தான் எங்களை அழவைத்தது.

அரியர்_மன்னன் (சேலம்)

அப்படியென்றால் விபிஎன் எதற்கு அக்கா? ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கதவு எண்ணை, அதாவது 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் நேரடியாக வருமே. யூடியூபில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

மீனலோசனி (ஈரோடு)

ஐயையோ, வேண்டவே வேண்டாம். திறந்த உடனே உலகம் முழுக்க உள்ள ஸ்கேனர்கள் கதவைத் தட்டும், பாஸ்வேர்டை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு கடையில் திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் புதுப் பெயர், திரையில் பணம் கேட்டு ஒரு தாள். பேக்கப் டிஸ்க்கும் அதே சர்வரில் சொருகியே இருந்தது, அதுவும் போச்சு.

கம்பிவடம் (கோவை)

விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட்டுக்கும் அதே விதி. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை உலகைச் சுற்றியது அந்த ஃபைல் பகிர்வு வழியாகத்தான். விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப், வெளியே ஒன்றும் திறந்திருக்கக் கூடாது.

வடபழனி_வயர் (சென்னை)

விபிஎன் என்றதும் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும், நானே சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. அது பொதுமக்களுக்கு விபிஎன் விற்கிறவர்களுக்கு. நிறுவனங்கள் தங்கள் கிளைகளுக்குள் வைத்துக்கொள்ளும் விபிஎன்னுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கமும் கொடுத்தார்கள். ஆனால் அதே உத்தரவில் நிறுவனங்கள் தங்கள் சிஸ்டம் லாகுகளை (என்ன நடந்தது என்று கருவிகள் எழுதிவைக்கும் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ரவுட்டர் லாகை அழித்துவிடாதீர்கள்.

கம்பிவடம் (கோவை)

சரி, இப்போது நூல்கண்டுவின் 100.72-க்கு வருவோம். 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் இன்டர்நெட் கம்பெனிகள் தங்களுக்குள் புழங்குவதற்காக 2012-இல் ஒதுக்கியவை. உங்கள் பெருந்துறை லைனுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது, பல வாடிக்கையாளர் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட முடியாது. நீங்கள் வெளியே கூப்பிடலாம்.

அதனால் எல்லா இடத்துக்கும் ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்க வேண்டாம். தலைமை அலுவலகத்துக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். பெருந்துறையும் தூத்துக்குடியும் அதைக் கூப்பிடட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளில் இதற்காகவே 25 வினாடிக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பும் அமைப்பு இருக்கிறது, அதைக் கிளைப் பக்கம் போட்டால் வழி அடைபடாது. வயர்கார்டு 2020-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அது ஓடும் ரவுட்டர்கள் இன்றைக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. வெண்டர் வைத்த பெட்டியில் ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், குடிமுழுகாது.

முகவரி வரிசை என்ன போட்டிருக்கிறீர்கள்?

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லா இடத்திலும் 192.168.1. பெட்டியில் வந்தபடி.

கம்பிவடம் (கோவை)

பயந்தபடியே. இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசை என்றால், 192.168.1.10 என்பது பக்கத்து மேசையா பெருந்துறையா என்று ரவுட்டருக்குத் தெரியாது. வெண்டர் ஏதோ மாற்றிக் காட்டும் வித்தை செய்துதான் ஓட்டியிருப்பார். தலைமை அலுவலகம் 10.10.1, பெருந்துறை 10.10.2, தூத்துக்குடி 10.10.3 என்று மாற்றுங்கள். 192.168.1 பக்கமே போகாதீர்கள். நாளைக்கு யாராவது வீட்டிலிருந்து விபிஎன்னில் வந்தால், அவர் வீட்டு ரவுட்டரும் பெரும்பாலும் அதே எண்ணில்தான் இருக்கும். பிரிண்டர்களின் எண்ணும் மாறும், ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு பிங் போகும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் உறைந்து நின்றால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) பாருங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் ஃபைபர் லைன்களில் பாக்கெட் அளவு 1500-க்குப் பதில் 1492 பைட். வயர்கார்டு தனக்கு 80 வரை எடுத்துக்கொள்ளும். 1412 போடுங்கள்.

சங்குமுகம் (தூத்துக்குடி)

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் நுழைகிறேன். நானும் ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலைதான். லைன் ஒன்று போதாது என்று இரண்டு கம்பெனியில் எடுத்தோம். சாலை விரிவாக்கத்துக்கு ஜேசிபி வந்தது, ஒரே கொத்தில் இரண்டும் போச்சு. வெளியே போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. இரண்டாவது லைன் எடுக்கிறவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் கம்பத்தைப் பாருங்கள். இப்போது ஒன்று ஃபைபர், இன்னொன்று மொபைல் சிம் போட்ட ரவுட்டர். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அந்தச் சிம்மே தாராளம்.

யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மட்டும் மாட்டிவிட்டு, சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடாதீர்கள். கரண்ட் போனால் முதலில் சாவது அதுதான்.

நூல்கண்டு (திருப்பூர்)

கேட்கக் கேட்கத் தெளிவாகிறது. குடோனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. லேனுக்குப் போடும் கேட்-6 செம்புக் கேபிளைக் கம்பத்தில் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

கம்பிவடம் (கோவை)

எலக்ட்ரீஷியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கேட்-6 ஒரே ஓட்டமாக 100 மீட்டர்தான். உங்களுக்கு 180. நடுவில் கம்பத்தில் ஸ்விட்ச் வைத்தால் அதற்குக் கரண்ட், பெட்டி, மழை. அதைவிட முக்கியம், இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இருக்காது. செம்புக் கம்பி இரண்டையும் கோத்துவிட்டால், மின்னல் பக்கத்தில் எங்காவது இறங்கினாலும் இரு பக்க ஸ்விட்ச்சும் சேர்ந்து போகும்.

சரியான வழி சிங்கிள் மோட் ஃபைபர், இரு முனையிலும் ஒளியையும் மின்குறிப்பையும் மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் பொதுச்சாலையைக் கடக்கிறது. நாம் நினைத்தபடி குறுக்கே இழுக்க முடியாது, சாலை யாருடையதோ அவர்களிடம் அனுமதி வேண்டும். அலைய ஆள் இருந்தால் முயலுங்கள்.

இல்லையென்றால் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி வயர்லெஸ். எம்.டி. கேட்ட வைஃபை இதுதான் என்று சொல்லி சந்தோஷப்படுத்திவிடலாம். ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்ன டிஷ், 5 கிகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் 2018-இல் அந்த அலைவரிசையைத் திறந்துவிட்டார்கள், சொன்ன சக்தி வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. 180 மீட்டருக்கு நடுவில், பார்வைக் கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. வேப்பமரக் கிளை, ஃபிளெக்ஸ் போர்டு, கண்டெய்னர் லாரியின் தலை, எல்லாவற்றையும் தாண்டிய உயரத்தில் கட்டுங்கள். இந்தத் தூரத்துக்குத் தாமதம் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட்தான், ஸ்டாக் எக்செலை மெயிலில் அனுப்பும் வேலை நிற்கும். ஆனாலும் டேலியை அங்கேயும் ரிமோட்டில்தான் ஓட்டச் சொல்வேன். நடுவில் காற்று இருக்கிறது.

பழைய_மோடம் (மதுரை)

டிஷ்ஷிலிருந்து கீழே இறங்கும் கேபிளுக்கு மின்னல் அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொட்டக்டரும் நல்ல எர்த்தும் கேளுங்கள். கொட்டேஷனில் பலர் விட்டுவிடும் வரி அது.

நூல்கண்டு (திருப்பூர்)

எண் வரிசையை மாற்றினோம், தலைமை அலுவலகத்துக்கு ஸ்டாட்டிக் ஐபி வந்தது, வயர்கார்டு ஓடுகிறது. பெருந்துறையில் அதே 28 மில்லிசெகண்ட்தான், லைனை மாற்றவில்லை. ரிமோட்டில் வவுச்சர் என்டர் தட்டியதும் திறக்கிறது. சாயப்பட்டறைக் கணக்கர் போன் செய்து, "என்னங்க, இங்கயே சர்வர் வெச்சுட்டீங்களா?" என்றார். பெரிய ஃபைல் உறைந்தது, 1412 போட்டதும் சரியானது. குடோன் மாடியில் டிஷ் ஏற்றியாகிவிட்டது. மீனலோசனி மேடம், எங்களுக்கும் சலான் வெட்டித்தான் வந்தது. நீங்கள் சொன்ன ஃபார்ம் முறைதான் காப்பாற்றியது.

இப்போது எம்.டி.க்கு ஆசை வந்துவிட்டது. பெருந்துறையில் உள்ள எட்டு கேமராவையும் திருப்பூர் டிவியில் நாள் முழுக்க ஓடவிடச் சொல்கிறார்.

கம்பிவடம் (கோவை)

வேகம் இப்போதுதான் கணக்கில் வருகிறது. கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் எட்டுக்கு 32, அதுவும் பெருந்துறையின் அப்லோடில், இடைவிடாமல். உங்கள் பிளானில் அப்லோடு எவ்வளவு, மாத வரம்பு உண்டா என்று பாருங்கள். 32 எம்பிபிஎஸ் நாள் முழுக்க ஓடினால் ஒரு நாளைக்கு 345 ஜிபி. ரெக்கார்டர் பெருந்துறையிலேயே இருக்கட்டும். டிவியில் ரெக்கார்டரின் சின்னப் படம் மட்டும் வரும்படி வையுங்கள், பெரிதாகப் பார்க்க வேண்டியபோது ஒரு கேமராவைத் திறந்தால் போதும். ரெக்கார்டருக்கும் போர்ட் திறக்காதீர்கள், எம்.டி. போனிலேயே வயர்கார்டைப் போட்டுக்கொடுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

எம்.டி.க்கு ஒரு போன், அவர் மகனுக்கு ஒரு போன். வயர்கார்டின் ஒரே கீயை (உள்ளே வர விடும் ரகசியச் சாவியை) இரண்டிலும் போட்டுவிடலாமா?

கம்பிவடம் (கோவை)

கூடாதுங்க. ஒரே கீ இருந்தால், கடைசியாகப் பேசிய போனுக்குத்தான் சர்வர் பதில் அனுப்பும். மகன் கேமராவைத் திறந்தால் அப்பாவுக்குப் படம் நிற்கும். ஆளுக்கு ஒரு கீ, ஆளுக்கு ஒரு முகவரி. போன் தொலைந்தால் அந்த ஒரு கீயை மட்டும் சர்வரில் அழித்துவிடலாம்.